புருவம் உயர வேண்டுமானால் தலை குனியக் கூடாது

கண்ணாடி முன்னால் நின்று, புருவத்தின் வால்பகுதியை இரண்டு விரல்களால் மெல்ல மேலே தள்ளிப் பார்க்காத நடுத்தர வயதுக்காரர் அபூர்வம். தள்ளினால் பத்து வயது குறையும். விரலை எடுத்தால் அது வட்டியோடு திரும்பி வந்து உட்காரும். புருவத்தைத் தூக்கிவைக்கும் அழகு அறுவை சிகிச்சை மீதான ஆசை பெரும்பாலும் இந்த விரல் வித்தையில்தான் பிறக்கிறது. வித்தையில் ஒரு சிறிய மோசடி உண்டு. கிடைக்கப்போகும் முகத்தை விரல் அரை நொடியில் காட்டிவிடும், அந்த முகம் வந்து சேரும்வரை ஆகும் வாரங்களை மட்டும் மறைத்துவிடும். ஆகவே என் கட்சி இது: இந்தச் சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பதைக் கண்ணாடியிடம் கேட்கக் கூடாது, காலண்டரிடமும் வீட்டில் இருப்பவர்களிடமும் கேட்க வேண்டும். அறுக்கும் நேரத்தில் நாம் மயக்கத்தில் கிடப்போம், அது மருத்துவர் பாடு. கண் விழித்தபின் வருவதுதான் நம் பாடு.

முதலில் புருவத்தின் பக்கத்து நியாயத்தைக் கேட்டுவிடுவோம். புருவத்தை மேலே தூக்க நமக்கு இருப்பது நெற்றித்தசை மட்டுமே. கீழே இழுக்கவோ ஒரு பெருங்கூட்டணி: முகம் சுளிக்க உதவும் தசைகள், மூக்கின் மேல்முனையில் ஒன்று, கண்ணைச் சுற்றி வட்டமாக ஒன்று, வெளியிலிருந்து ஆதரவு தரும் புவியீர்ப்பு. தூக்குகிற அந்த ஒரே தசையும் நெற்றிப்பொட்டை எட்டுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. அதனால்தான் புருவத்தின் வால் முதலில் சரிகிறது. முக யோகா செய்தால் நிமிர்ந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. வால்பகுதியில் தூக்குவதற்குத் தசையே இல்லாதபோது எதற்குப் பயிற்சி கொடுப்பது? உண்மையில் புருவம் சரிந்தவர்கள் பலர் அந்தப் பயிற்சியைக் காலையிலிருந்து இரவு வரை, தெரியாமலே, இலவசமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். இமையைத் தாண்டி எதிரே பார்ப்பதற்காக நெற்றியைத் தூக்கிப் பிடித்தபடியே வாழ்கிறார்கள். நெற்றியில் விழுந்த கோடுகள் அந்த உழைப்பின் கூலி. வீட்டார் அதைக் குடும்பக் கவலை என்று நினைத்து ஆறுதல் சொல்வார்கள். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இமையில் தொங்கும் தோலை மட்டும் வெட்டி எடுத்தால், பார்வைக்கு வழி கிடைத்த நிம்மதியில் நெற்றித்தசை ஓய்வு எடுத்துக்கொள்ளும், புருவம் முன்னிலும் கீழே இறங்கும். விவரமான மருத்துவர் முதலில் கண்ணை மூடச் சொல்லி, நெற்றியைத் தளரவிட்டு, அதன்பின் அளப்பது இதனால்தான்.

முறைகள் பல. 1919-இலேயே ரேமோன் பாஸோ என்ற பிரெஞ்சு மருத்துவர் நெற்றித் தோலைக் கொஞ்சம் வெட்டி எடுத்துப் புருவத்தை உயர்த்துவது பற்றி எழுதிவிட்டார். பிறகு வெகுகாலம் ஆண்டது, உச்சந்தலை வழியாகக் காதுக்குக் காது கீறித் திறக்கும் முறை. தழும்பு முடிக்குள் மறைந்துவிடும், ஆனால் முடி தொடங்கும் கோடு சற்றுப் பின்னால் போகும். ஏற்கெனவே நெற்றி உச்சியை நோக்கிப் புறப்பட்டுவிட்ட ஆண்களுக்கு இது உதவாது. தழும்பை மறைக்கத் தலைமுடியும் இல்லை, பின்னால் போக இடமும் இல்லை. 1990-களில் எண்டோஸ்கோப் என்னும் உள்நோக்குக் கருவி வந்தது. முடிக்குள் நான்கைந்து சிறு கீறல்கள், அவ்வளவே. ‘சின்ன ஓட்டைதானே, மறுநாள் வேலைக்குப் போய்விடலாம்’ என்ற நம்பிக்கையும் கூடவே வந்தது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஓட்டை சிறிதாக இருந்தாலும், அதன் வழியே உள்ளே நுழையும் கருவி நெற்றியைக் கண்குழியின் விளிம்பு வரை எலும்பிலிருந்து விடுவித்தாக வேண்டும். நழுவிய வேட்டியைச் சும்மா மேலே இழுத்துவிட்டால் நாலடியில் மறுபடி நழுவும், அவிழ்த்துத்தான் கட்ட வேண்டும். நெற்றிக்கும் அதே விதி. உயர்த்தியதை அங்கேயே நிறுத்த, எலும்பில் திருகாணியோ, பின்னர் தானே கரைந்துபோகும் முள்தகடோ வைப்பதுண்டு.

இனி அந்த வாரங்கள். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். நெற்றியில் கசிந்த ரத்தம் அங்கேயே நிற்காமல் கண்ணைச் சுற்றி இறங்கிக் கருநீலமாகப் படியும். பார்ப்பவர்கள் அறுவை சிகிச்சையை நினைக்க மாட்டார்கள், வீட்டுக்காரரை நினைப்பார்கள். மனைவிக்குச் சிகிச்சை நடந்திருந்தால் கணவர் டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. தலையணைகளை உயர்த்தி, மல்லாந்து தூங்க வேண்டும். தலைவழியே மாட்டும் பனியன் வகைகளுக்கு விடுமுறை, பொத்தான் வைத்த சட்டைதான். தையலோ ஸ்டேப்ளர் ஊசியோ ஒரு வாரம் பத்து நாளில் எடுக்கப்படும். தலைக்குச் சாயம் பூசச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். புருவம் இளமையாகவும் முடிவேர் நரைத்தும் காட்சியளிக்கும் இந்த இடைவெளியில் வெளியே போகாமலிருப்பது உத்தமம். போவதென்றாலும் ஸ்கூட்டர் கிடையாது: ஹெல்மெட் போட்டால் காயம் அழுந்தும், போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம்.

இவை எல்லாவற்றையும்விடக் கடுமையான கட்டளை, இரண்டு மூன்று வாரங்களுக்குக் குனியாதே, பாரம் தூக்காதே என்பது. குனிந்தால் தலைக்கு ரத்தம் பாய்ந்து வீக்கமும் கசிவும் கூடும். தமிழ்நாட்டில் குனியாமல் மூன்று வாரம் ஓட்டுவது அவ்வளவு சுலபமா? கல்யாண வீட்டில் பெரியவர்கள் காலில் விழ முடியாது. அரசியலில் இருப்பவர்கள் உள்கட்சித் தேர்தல் நெருங்கும்போது இதைப் பற்றி யோசிக்கவே கூடாது. தலைவர் காலில் மூன்று வாரம் விழாமலிருந்தால் புருவம் உயரும், பதவி இறங்கும்.

பிறகு மரத்துப்போதல். நெற்றிக்கும் உச்சிக்கும் போகும் உணர்வு நரம்புகள் அடிபட்டிருப்பதால் தலையில் ஒரு பகுதி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், யாருடையதோ என்று இருக்கும். நரம்பு தளிர்க்கும்போது அரிக்கும். மரத்த இடத்தில் அரிப்பு என்பது தனி ரகம். சொறிவது விரலுக்குத் தெரியும், தலைக்குத் தெரியாது. கீறல் ஓரத்தில் முடி உதிர்ந்து மெல்லத் திரும்பலாம். நெற்றித்தசையை ஆட்டிவைக்கும் நரம்பு சிலருக்குக் கொஞ்ச நாள் வேலை நிறுத்தம் செய்யும், மிக அரிதாக நிரந்தரமாகவே. தொடக்கத்தில் புருவம் வேண்டியதைவிட மேலே நிற்பதால் முகத்தில் எந்நேரமும் வியப்பு குடியிருக்கும். நாட்டிய சாஸ்திரம் புருவத்துக்கு ஏழு அசைவுகள் சொல்கிறது, அந்த நாட்களில் கைவசம் இருப்பது அவற்றில் ஒன்றே. கரண்ட் பில் வந்தால் பரவாயில்லை, முகம் பொருந்திவிடும். துக்கம் விசாரிக்கப் போனால்தான் சிக்கல்.

இது வெறும் ஆடம்பரம், இதற்கு இத்தனை ஆராய்ச்சியா என்பார்கள் சிலர். மாதந்தோறும் அதே புருவத்தை நூலால் பிடுங்குவதையும், பிள்ளையின் பல்லுக்குக் கம்பி கட்டுவதையும் நாம் ஆடம்பரம் என்பதில்லை. இமைமேல் கவிந்த புருவம் சிலருக்கு மேல்பார்வையையே மறைக்கிறது. அரசுக்கு மட்டும் இதில் குழப்பமில்லை: 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோதே, மருத்துவத்துக்குத் தந்த விலக்கிலிருந்து அழகு அறுவையைத் தள்ளி நிறுத்திவிட்டது. போடாக்ஸ் ஊசி போதாதா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. வான்கூவரின் கருதர்ஸ் தம்பதி, கண் மருத்துவரும் தோல் மருத்துவருமாகச் சேர்ந்து, 1992-இல் சுளிப்புக் கோடுகளுக்கு அதைப் பரிந்துரைத்தார்கள். கீழே இழுக்கும் கூட்டணியைத் தளர்த்தினால் புருவம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏறும், மூன்று நான்கு மாதம் நிற்கும். கை தவறி நெற்றியில் கூடுதலாகப் போட்டால் தூக்கும் ஒரே தசையும் தூங்கிப்போய்ப் புருவம் இன்னும் இறங்கும். ஆனாலும் மூன்று வாரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு அதுவே புத்திசாலித்தனம்.

பல வருஷம் நிற்கும் பலனுக்கு மூன்று வாரம் ஒரு பொருட்டா என்பதுதான் வலுவான ஆட்சேபம். வாரங்கள் நம்முடையவையாக இருந்தால் பொருட்டில்லைதான். வீட்டில் பெருக்குவது, துடைப்பது, கோலம் போடுவது, குழந்தையைத் தூக்குவது, நிரம்பினால் 30 கிலோவைத் தொடும் சிலிண்டரை உருட்டுவது எல்லாம் குனிகிற வேலை. அவற்றைச் செய்பவர் பெரும்பாலும் ஒரே ஆள், ஒரே பெண். அவர் மூன்று வாரம் நிமிர்ந்து நிற்க வேண்டுமென்றால் வேறு யாராவது குனிந்தாக வேண்டும். ஆலோசனைக்குப் போகும்போது அந்த வேறு யாரோ ஒருவரையும் கூட்டிப் போங்கள். மருத்துவர் ‘மூன்று வாரம் குனியக் கூடாது’ என்று சொல்கிற நேரத்தில் கூட வந்தவருடைய புருவத்தைக் கவனியுங்கள். அது மேலே போனால் தேதி வாங்காதீர்கள்.