ஓனர் மெச்சும் இணையதளம்: பத்தே படிகளில்

கடைக்கோ பள்ளிக்கோ அறக்கட்டளைக்கோ ஓர் இணையதளம் வேண்டும் என்று ஓனர் முடிவு செய்து, வேலையை உங்களிடம் கொடுத்துவிட்டார். நல்ல முடிவு. பக்கத்தை உருவாக்கவும் சரிபார்க்கவும் வேண்டிய கருவிகள் பெரும்பாலும் இலவசம். பலவற்றை இறக்கக்கூட வேண்டாம், பிரவுசரிலேயே இருக்கின்றன. அவற்றை எப்படிக் கையாண்டால் ஓனர் மகிழ்வார், படிக்க வந்தவர் ஒரு வரிகூடப் படிக்காமல் திரும்புவார் என்று வரிசையாகச் சொல்லித் தருகிறேன். இதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்து முடித்திருப்பீர்கள். மீதியையும் முடித்துவிடுவோம்.

1. வாசகரை முடிவு செய்யுங்கள்

தளத்தைப் பார்க்கப்போவது யார்? ஒரே ஒருவர்: பணம் கொடுப்பவர். எங்கே பார்ப்பார்? ஏ.சி. அறையில், புரொஜெக்டர் திரையில். எல்லாவற்றையும் அந்தத் திரைக்காகவே செய்யுங்கள். எல்.கே.ஜி. சேர்க்கைக்குக் கடைசித் தேதி என்ன என்று பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி போனில் தேடும் அம்மாவை மறந்துவிடுங்கள். அவர் உங்கள் பில்லில் கையெழுத்துப் போடுவதில்லை.

1991இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட முதல் இணையதளத்தின் நகல் இன்றும் இருக்கிறது. வெறும் எழுத்து, நீல நிறச் சுட்டிகள், அவ்வளவுதான். எந்தப் போனிலும் உடனே திறக்கிறது, படிக்கவும் முடிகிறது. அந்தப் பக்கம் போகாதீர்கள். இதற்கா இவ்வளவு பணம் என்று ஓனர் கேட்டுவிடுவார்.

2. டெம்ப்ளேட் வாங்குங்கள், முழுவதையும் போடுங்கள்

இருப்பதிலேயே கனமான டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுங்கள். அதில் உள்ள வசதி ஒன்றையும் அணைக்காதீர்கள், காசு கொடுத்து வாங்கியது. முகப்பில் தானாக நகரும் ஐந்து படங்கள் கட்டாயம். முதல் படத்தின் வாசகத்தைப் படித்து முடிப்பதற்குள் இரண்டாவது வந்துவிட வேண்டும்.

டெம்ப்ளேட்டோடு வந்த மாதிரிப் படத்தையும் எடுக்காதீர்கள். லேப்டாப்பைச் சுற்றி நின்று நான்கு வெள்ளைக்காரர்கள் சிரிக்கும் அந்தப் படத்தின் கீழே ‘எங்கள் ஆசிரியர்கள்’ என்று போட்டுவிடுங்கள். ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் லோரம் இப்சம் என்ற நிரப்பு வாசகம் இருந்துவிட்டுப் போகட்டும். யாரும் அதைப் படிப்பதில்லை என்பதற்கு நீங்களே சாட்சி, தளம் வந்த நாளிலிருந்து நீங்கள் படிக்கவில்லை.

3. படங்களைக் கேமராவிலிருந்து அப்படியே ஏற்றுங்கள்

ஆண்டு விழாவில் எடுத்த படம், 6 எம்.பி. பக்கத்தில் அது தீப்பெட்டி அளவுதான் தெரியப்போகிறது. இருந்தாலும் முழுக் கோப்பையும் ஏற்றுங்கள். சிறிதாகக் காட்டும் வேலையைப் பிரவுசர் பார்த்துக்கொள்ளும். 6 எம்.பி.யையும் இறக்கிய பிறகுதான் பார்க்கும் என்பது வாசகரின் டேட்டா பேக்குக்கும் அவருக்கும் உள்ள விவகாரம்.

கூகுளின் ஸ்குவூஷ் என்று ஓர் இலவசக் கருவி உண்டு. படத்தைப் பிரவுசருக்குள் இழுத்துப் போட்டால் போதும், பழைய படத்தையும் இளைத்த படத்தையும் அருகருகே காட்டும். வித்தியாசமே தெரியாது. தெரியாத வித்தியாசத்துக்கு ஏன் உழைக்க வேண்டும்?

4. தமிழை எழுத்தாக வைக்காதீர்கள்

முக்கியமான அறிவிப்பு என்றால் முதலில் அச்செடுங்கள். கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். கொஞ்சம் சாய்த்து வைத்துப் போனில் படம் பிடித்து, அந்தப் படத்தைத் தளத்தில் போடுங்கள். கூகுளில் தேடினால் அகப்படாது. போனில் பெரிதாக்கினால் எழுத்து கலங்கும். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் மிஞ்சிப்போனால் அதை ‘படம்’ என்று சொல்லிவிட்டு நகரும். மாற்று விவரம் எழுத ஒரு கட்டம் இருக்கிறதே என்பீர்கள். காலியாக விடுங்கள்.

எழுத்தாகத்தான் வைக்க வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் கைவசம் பாமினி எழுத்துரு இருக்கிறது. டி.டி.பி. ஆபரேட்டர் பல வருடங்களாக அடித்துத் தரும் அதே பாமினிதான். அதில் ‘தமிழ்’ என்று தெரிவதற்குப் பின்னால் உண்மையில் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு இறங்காத போனில் அவை அப்படியே வந்து நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன என்று சின்னப் பையன் எவனாவது சொல்வான். ஆபரேட்டரின் அனுபவத்தைச் சொல்லி அவனை உட்கார வையுங்கள்.

5. கோப்பின் தலையில் இரண்டு வரிகளை மறந்துவிடுங்கள்

எச்டிஎம்எல் கோப்பின் உச்சியில், முதல் 1024 பைட்டுக்குள், எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று ஒரு வரி இருக்க வேண்டும். அதை அழித்துவிட்டு விளைவைக் கவனியுங்கள். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். பிரவுசர் அதை மேலைநாட்டுக் குறியாக்கம் என்று எடுத்துக்கொண்டால், தலையில் சாய்கோடு போட்ட சின்ன ‘ஏ’யும் வட்டத்துக்குள் அடைபட்ட ‘ஆர்’ முத்திரையும் பக்கம் முழுக்க அணிவகுக்கும். ஓனர் கேட்டால் “சர்வர் பிரச்சினை சார்” என்று சொல்லுங்கள். உலகம் முழுக்க ஏற்கப்பட்ட பதில் அது.

இரண்டாவது வரி, பக்கத்தின் மொழி. டெம்ப்ளேட்டில் ஆங்கிலம் என்று இருக்கும். இருக்கட்டும். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் தமிழும் படிக்கும். ஆனால், இது ஆங்கிலப் பக்கம் என்று நீங்களே எழுதிக் கொடுத்த பிறகு அது எந்தக் குரலை எடுப்பது என்று திண்டாடும். உங்கள் தளத்தில் விறுவிறுப்பு வேண்டாமா?

6. அழகை ஆங்கிலத்தில் அளந்து தமிழுக்குப் போடுங்கள்

வடிவமைப்பை ஆங்கில வாசகத்தோடு ஓகே வாங்கிவிட்டுத் தமிழைக் கடைசி நாளில் ஒட்டுங்கள். ‘சப்மிட்’ கச்சிதமாக உட்கார்ந்த பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ பாதி வெளியே தொங்கும். வரிகளுக்கிடையே இடைவெளியை இறுக்குங்கள். மேல் வரியின் ‘கூ’ கீழ் வரியின் ‘கீ’யோடு கைகுலுக்கும். இருபுறமும் ஒழுங்குபடுத்துங்கள். நீளமான தமிழ்ச் சொற்கள் அடுத்த வரிக்குக் குதித்துவிட, போன் திரையில் வரிக்கு இரண்டு சொல்லும் நடுவே ஒரு மைதானமும் மிஞ்சும்.

நிறத்துக்கு வருவோம். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து, அதுதான் நவீனம். சாதாரண அளவு எழுத்துக்குப் பின்னணியோடு 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடாவது வேண்டும் என்கிறது வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் அணுகல் வழிகாட்டி. நிறக் குறியீட்டில் 9 என்ற எண்ணை ஆறு முறை அடியுங்கள். 2.85தான் வரும், கண்ணும் வலிக்கும். நீங்கள் தனியாள் இல்லை. வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தன் வேவ் கருவியால் சோதிக்கிறது. 2024இல் 95.9 சதவீதப் பக்கங்களில் குறை அகப்பட்டது. அதிகப் பக்கங்களில் இருந்த குறை இந்த மங்கல் எழுத்துதான்.

7. வேலிடேட்டரைத் திறக்காதீர்கள்

டபிள்யூ3சி நடத்தும் சரிபார்ப்புப் பக்கத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால், எந்த வரியில் எந்த டேக் மூடப்படவில்லை, எந்த அடையாளப் பெயர் இரண்டு இடத்தில் வருகிறது என்று சில நொடியில் பட்டியல் போடும். காசு கேட்காது, பெயர்கூடக் கேட்காது. அதனால்தான் அபாயம். பட்டியலைப் பார்த்துவிட்டால் திருத்த வேண்டிவரும்.

நல்லவேளையாக, பிரவுசர்கள் மகா பொறுமைசாலிகள். நீங்கள் மூடாததைத் தாங்களாக மூடி, விட்டதை ஊகித்து, ஏதோ ஒன்றைக் காட்டிவிடும். ‘எனக்குத் தெரிகிறதே’ என்று வாதாட அதுவே போதும்.

8. மதிப்பெண்ணைப் பிடியுங்கள், தளத்தை விடுங்கள்

குரோம் பிரவுசருக்குள்ளேயே லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவி இருக்கிறது. நூற்றுக்கு எத்தனை என்று சொல்லும்: 90க்கு மேல் பச்சை, 50க்குக் கீழே சிவப்பு. ஓனருக்குப் பச்சை பிடிக்கும். ஆனால் இந்தக் கருவி சாதாரணமாக வேகம் குறைந்த மொபைல் இணைப்பைப் பாவனை செய்து சோதிக்கும், அதாவது பஸ்ஸில் நிற்கும் அந்த அம்மாவின் போனைப்போல. உங்களுக்குத்தான் அவர் வாசகரே இல்லையே. ‘டெஸ்க்டாப்’ என்பதைத் தேர்ந்தெடுத்து மறுபடி ஓட்டுங்கள். ஒரு வரியும் திருத்தாமல் மதிப்பெண் ஏறும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதிலும் ஒரு குரு இருக்கிறார். மானுவேல் மதுசோவிச் என்ற வலை நிரலாளர் 2019இல் ஒரு பக்கத்தை வேண்டுமென்றே யாராலும் பயன்படுத்த முடியாதபடி செய்தார். மவுஸ் பிடித்தவருக்கும் ஆகாது, கீபோர்டு தட்டுகிறவருக்கும் ஆகாது, திரைவாசிப்பானுக்கும் ஆகாது. அணுகல் பிரிவில் லைட்ஹவுஸ் அதற்கு 100 போட்டது. கருவியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று எச்சரிப்பதற்காக அவர் அதைச் செய்தார். நீங்கள் அதைச் செய்முறை விளக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

9. உங்கள் கணினியில் மட்டும் சோதியுங்கள்

ஆபீஸ் ஃபைபர் இணைப்பு, பெரிய திரை, எல்லாப் படமும் ஏற்கெனவே கேஷில் இருக்கும் பிரவுசர். இந்த மூன்றும் அமைந்தால் எந்தத் தளமும் பறக்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. போனில் பார்த்தாயிற்றா என்று கேட்டால் விண்டோவின் ஓரத்தைப் பிடித்து இழுத்துச் சுருக்கிக் காட்டுங்கள்.

நிஜப் போனில் பார்த்தால்தான் தெரியும்: ‘விண்ணப்பிக்க’ என்பதைத் தொட விரல் இறங்கும் நொடியில் மேலே ஒரு விளம்பரம் வந்து குதிக்கிறது. பொத்தான் கீழே ஓடுகிறது. விரல் விளம்பரத்தில் விழுகிறது. இப்படித் தளும்புவதை அளக்கவும் ஓர் அளவு இருக்கிறது, 0.1ஐத் தாண்டக் கூடாது என்கிறது கூகுள். விளம்பர வருமானம் கூடுவதை முதலில் அளந்து காட்டுங்கள்.

தளம் தயாராகும்வரை தேடுபொறிகள் எட்டிப் பார்க்காமலிருக்க வேர்ட்பிரஸில் ஒரு பெட்டியை டிக் செய்திருப்பீர்கள். திறப்பு விழாவுக்குப் பிறகும் அதை எடுக்காதீர்கள். குத்துவிளக்கெல்லாம் ஏற்றியாயிற்று, இனிமேல் அதைக் கிளறுவானேன்?

10. ஒப்படைத்துவிட்டு நகருங்கள்

டொமைனை உங்கள் சொந்த மெயில் ஐ.டி.யில் பதிவு செய்யுங்கள். பாஸ்வேர்டு உங்கள் தலைக்குள் இருக்கட்டும். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் 90 நாளில் காலாவதியாகும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளவும் வழி உண்டு, அதை அமைக்காதீர்கள். தொண்ணூற்றோராம் நாள் ‘இந்தத் தளம் பாதுகாப்பற்றது’ என்று பிரவுசர் வாசலிலேயே மறிக்கும். அப்போது ஓனருக்கு உங்கள் நினைவு வரும். உறவு நீடிப்பது இப்படித்தான்.

கடைசியாக ‘தொடர்புக்கு’ பக்கம். அங்கே ஒரு படிவம் வையுங்கள். மொபைல் எண்ணுக்கு நடுவே இடைவெளி விட்டால் ஏற்கக் கூடாது. ஏன் ஏற்கவில்லை என்று சொல்லவும் கூடாது. அதைத் தாண்டி வருபவரிடம் டிராஃபிக் லைட் இருக்கும் கட்டங்களைத் தொடச் சொல்லுங்கள். அதையும் தாண்டி அனுப்பிவிட்டால், கடிதம் யாரும் திறக்காத மெயில் பெட்டிக்குப் போய்ச் சேரட்டும்.

ஆண்டு முடிவில் ஓனருக்கு ஓர் அறிக்கை தயாரியுங்கள். லைட்ஹவுஸ் பச்சை ஸ்கிரீன்ஷாட்டை முதல் பக்கத்தில் வையுங்கள். இரண்டாவது பக்கத்தில் ‘பயனர்களிடமிருந்து வந்த புகார்கள்: 0’ என்று தடித்த எழுத்தில் போடுங்கள். மூன்றாவது பக்கத்தில் அடுத்த ஆண்டுக்கான பராமரிப்புக் கட்டணம், பத்து சதவீத உயர்வோடு.