நுங்கு வண்டிப் பெரியப்பா

குடும்பத்துக்கு ஒருவர் இப்படி இருப்பார். பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டி முடிந்து, குழந்தை பரிசுகளைப் பிரிக்க உட்காரும் வரை அவர் சாதாரண மனிதர்தான். சமோசாவைக் கடித்தபடி தன் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். முதல் டப்பாவிலிருந்து ரிமோட் கார் வெளியே வந்ததும் சமோசா தட்டில் இறங்கும். காரை வாங்கிக் கவிழ்த்துப் பார்ப்பார். பேட்டரி மூடியைத் திறந்து மூடுவார். விலையைக் கேட்பார். சொன்ன விலையை, எல்லோர் காதிலும் விழும்படி, திருப்பிச் சொல்வார்.

"ரெண்டாயிரத்து நானூறா? ஏம்ப்பா, காலணா செலவில்லாம நாங்க வண்டி ஓட்டினோமே!"

அவ்வளவுதான். விழா இனி அவருடையது. பெயர் எதுவாக இருந்தாலும் குடும்பத்துக்குள் அவர் நுங்கு வண்டிப் பெரியப்பா.

நுங்கு வண்டியின் செய்முறை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சித்திரை வெயிலில் பனங்காய் சீவுகிறவரிடம் நுங்கைக் குடித்துவிட்டு, மிஞ்சும் மட்டையை வீசாமல் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். அளவொத்த இரண்டு மட்டைகள் சக்கரம். நடுவில் ஒரு குச்சியைச் செருகினால் அச்சு. நுனியில் கவை உள்ள நீளக் கொம்பு ஒன்றை அச்சின்மேல் வைத்துத் தள்ளினால் வண்டி புறப்பட்டது. எஞ்சின் சத்தம் வாயால்தான். ஹாரனும் வாயால்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்க வழியில்லாததால் ஒவ்வொரு திருப்பத்திலும் எஞ்சின் அணைந்து, திருப்பம் தாண்டியதும் மறுபடி உயிர் பெறும். இதைப் பெரியப்பா செய்தே காட்டுவார். அறுபத்து மூன்று வயதில், விருந்தாளிகள் நடுவே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் எழுப்பும் அந்த 'டுர்ர்ர்' சத்தத்துக்கு அடுத்த வீட்டு நாய் பதில் கொடுக்கும்.

மட்டை காய்ந்து சுருங்கி, துளை லூசாகி, இரண்டு மூன்று நாளில் சக்கரம் கழன்று ஓடிய கதையை மட்டும் சொல்ல மாட்டார். அவர் நினைவில் அந்த வண்டி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வண்டி முடிந்தால் அடுத்தது தீப்பெட்டி டெலிபோன். இரண்டு காலித் தீப்பெட்டி, நடுவே நூல். நூல் விறைப்பாக இருக்க வேண்டும், எதிலும் உரசக் கூடாது. பேசுகிறவர் குரலில் பெட்டி அதிர, அதிர்வு நூல் வழியே போய் மறுமுனையில் குரலாகும். விஞ்ஞானம் சரிதான். ஆனால் பத்தடி தள்ளி நின்ற தம்பி 'ஹலோ' என்று கத்திய கத்தலுக்கு, நூலே இல்லாவிட்டாலும் அடுத்த தெரு வரை கேட்டிருக்கும். "டவர் பிரச்சினையே கிடையாது" என்பார் பெரியப்பா. உண்மை.

நியாயமாகச் சொன்னால், அவர் சரக்கில் அசல் தங்கமும் உண்டு. அது அட்டைப்பெட்டி சினிமா. பியூஸ் போன குண்டு பல்பின் பின்பக்கத்தைப் பக்குவமாகத் தட்டி, உள்ளே இருக்கும் கம்பிகளை உருவிவிட்டுத் தண்ணீரை நிரப்புவார்கள். அதுதான் லென்ஸ். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு அதைப் பொருத்தி, பின்னால் பிலிம் துண்டைச் சொருகுவார்கள். வாசலில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியோடு வெயிலில் நின்று, சூரியனைப் பிடித்து அறைக்குள் அனுப்புவான். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, தாத்தாவின் வேட்டியைச் சுவரில் கட்டியிருப்பார்கள். படம் தலைகீழாக விழும் என்பதால் பிலிமைத் தலைகீழாகச் சொருக வேண்டும். இந்த ரகசியம் பிடிபடும் வரை எம்.ஜி.ஆர். சிரசாசனத்தில்தான் வாள் வீசினார். கட்டணம், மூன்று தீப்பெட்டிப் படம். சூரியன் நகர நகர வாசல்காரனும் நகர வேண்டும். மேகம் வந்தால் இடைவேளை. குவியம், பிம்பம், எதிரொளிப்பு என்று எட்டாம் வகுப்பில் படிக்கும் முன்பே அந்தப் பிள்ளைகள் மூன்றையும் கையால் தொட்டிருந்தார்கள். இந்தக் கதையை அவர் சொல்லும்போது செல்போனை நோண்டிக்கொண்டிருக்கும் மருமகள்கூட ஒரு கணம் தலை நிமிர்வாள்.

அந்தத் தலை நிமிர்ந்ததைப் பார்த்துவிட்டால் ஆபத்து. பெரியப்பா உற்சாகமாகி மாஞ்சாவுக்குப் போய்விடுவார். டியூப்லைட்டை உடைத்து மாவாக இடித்தது, வஜ்ஜிரம் காய்ச்சியது, சாயம் கலந்தது, இரண்டு மின்கம்பத்துக்கு நடுவே நூலைச் சுற்றிப் பூசிக் காயவைத்தது எல்லாம் ஒரு கல்யாணச் சமையல் அளவுக்கு விவரமாக வரும். அறுந்துவந்த நூல் பைக்கில் போகிறவர்களின் கழுத்தை அறுத்த செய்திகளை யாராவது எடுத்தால், "அதெல்லாம் இப்ப வர்ற நைலான் நூல். 2017-ல பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை போட்டது அதுக்குத்தான். எங்களுது சுத்தமான பருத்தி!" என்பார். சுத்தமான பருத்தியில் சுத்தமான கண்ணாடி. அவருடைய வலது கை ஆள்காட்டி விரலில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது. அதைக் கேட்டால் மட்டும் பேச்சு பம்பரத்துக்குத் தாவிவிடும்.

பம்பரத்திலும் அப்படித்தான். அபீட்டு எடுத்ததும், கையில் ஏந்திச் சுற்றவிட்டதும், அடுத்தவன் பம்பரத்துக்கு ஆக்கர் வைத்துப் பிளந்ததும் விலாவாரியாக வரும். தன் பம்பரம் இரண்டாகப் பிளந்த அன்று சோறு உண்ணாமல் அழுத கதையை நாங்கள் பெரியம்மா வாயால்தான் கேள்விப்பட்டோம். பெரியம்மா அவருக்கு அத்தை மகள். இந்த ஒரு விஷயத்தில் பெரியப்பாவுக்குக் கல்யாணம் கொஞ்சம் தோதாக அமையவில்லை.

பெருமை தலைக்கேறினால் சரித்திரமும் அவர் கைக்கு வந்துவிடும். சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியில் விற்கும் தகரப் படகை நினைத்துப் பாருங்கள். உள்ளே திரியை ஏற்றிவைத்தால் தண்ணீர்த் தொட்டியில் டபடபவென்று ஓடுமே, அதுதான். குட்டிக் கொதிகலனில் நீராவி பொங்கிக் குழாய்த் தண்ணீரை வெளியே தள்ளும், உடனே குளிர்ந்து மறுபடி தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அந்த இழுபறிதான் படகை ஓட்டுகிறது. பெரியப்பா கணக்கில் இது நம் முன்னோர் கண்டுபிடித்தது, வெள்ளைக்காரன் தூக்கிக்கொண்டு போனது. தோமா பியோ என்பவர் 1891-இலேயே பிரிட்டனில் இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார் என்று கல்லூரியில் படிக்கும் பேத்தி கூகுளைக் காட்டினால், "அவன் எங்கே பார்த்தான்னு கூகுள் சொல்லுதா?" என்று கேட்டுவிட்டுச் சமோசாவைத் தொடர்வார்.

இந்த ராஜ்யத்துக்கு ஒரு போட்டி அரசர் உண்டு. அவர் ஸ்பெக்ட்ரம் சித்தப்பா. வழக்கு நடந்த ஸ்பெக்ட்ரம் அல்ல. பிரிட்டனின் சின்கிளேர் நிறுவனம் 1982-இல் விற்பனைக்கு விட்ட வீட்டுக் கம்ப்யூட்டர். பெரியப்பாவுக்குப் பத்து வயது இளையவரான சித்தப்பா பனைமரத்துப் பக்கம் போனதில்லை. அவருடைய பொற்காலம் 48 கேபியில் அடங்கியிருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வந்த நண்பனின் மாமா ஒருவர் அந்தக் கருப்புப் பெட்டியைக் கொண்டுவந்தாராம். அழிரப்பர் மாதிரி அமுங்கும் பட்டன்கள். தனியாகத் திரை கிடையாது, வீட்டு டிவிதான் திரை. கேம் எல்லாம் கேசட்டில். டேப் ரெக்கார்டரை இணைத்து ஓடவிட்டால் தகரத்தை நகத்தால் கீறும் சத்தம் நாலைந்து நிமிடம் கேட்கும். வால்யூம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கடைசி நொடியில் பிழை என்று வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டும். பிஸ்கட் சாப்பிடக்கூட யாரும் எழுந்திருக்க மாட்டார்களாம், தரை அதிர்ந்தால் கேசட் கெட்டுவிடும் என்று.

"பி பட்டனைத் தட்டினா 'பிரிண்ட்'ன்னு முழு வார்த்தையும் வந்துடும், அண்ணே. நான் போட்ட முதல் புரோகிராம் ரெண்டே வரி. பத்தாவது வரி, என் பேரை எழுது. இருபதாவது வரி, திரும்பவும் பத்துக்குப் போ."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, டிவி பூரா என் பேர்தான்!"

அந்த அரிய காட்சியை அவருடைய அப்பா வந்து நிறுத்திவிடுவார். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நேரத்தில் டிவியை எந்தக் கம்ப்யூட்டருக்கும் விட்டுக்கொடுக்க வீட்டில் யாரும் தயாராக இல்லை. பிளக்கைப் பிடுங்கினால் நினைவகத்தில் இருந்தது அத்தனையும் போயிற்று. தமிழகத்தின் மென்பொருள் புரட்சி இரண்டு சினிமாப் பாட்டுக்காக வாராவாரம் தள்ளிவைக்கப்பட்டது என்பது சித்தப்பாவின் தீராத மனக்குறை.

பள்ளிக் கம்ப்யூட்டர் அறைக் கதையும் அவர் கையிருப்பில் உண்டு. மத்திய அரசு 1984-85-இல் 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி, தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களைக் கொடுத்த காலம். செருப்பை வெளியே கழற்ற வேண்டும், கையைத் துடைக்க வேண்டும், உறையை ஆசிரியர்தான் எடுக்க வேண்டும். பள்ளியில் அந்த ஓர் அறைக்கு மட்டும் ஏசி. அது கம்ப்யூட்டருக்கு, பிள்ளைகளுக்கு ஓசி. "முப்பத்திரண்டு கேபியை வச்சுக்கிட்டு நாங்க என்னென்ன செஞ்சோம் தெரியுமா? இப்பப் பசங்களுக்கு ஜிபி ஜிபியாக் கொடுத்தாலும் போதலை" என்று கண் கலங்குவார். அதே சித்தப்பா தினமும் காலை ஐந்தரைக்குக் குடும்பக் குழுவில் ரோஜாப்பூ போட்ட 'காலை வணக்கம்' படம் அனுப்புகிறார். அந்த ஒரு ரோஜா நூறு கேபியைத் தாண்டும். அவருடைய பொற்காலக் கம்ப்யூட்டர் இரண்டை அடுக்கினாலும் அது அவற்றுக்குள் அடங்காது.

எங்கள் தலைமுறை இவர்களைப் பார்த்துச் சிரிக்கிறதே தவிர, யோக்கியம் இல்லை. ஜப்பானில் நின்டெண்டோ 1983-இல் கொண்டுவந்த விளையாட்டுப் பெட்டியை நகலெடுத்து விற்ற பெட்டிகளில் நாங்கள் மரியோவைத் துள்ளவிட்டவர்கள். கேட்ரிட்ஜ்மேல் '99999 இன் 1' என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது ஐந்தாறு கேம். மீதி எல்லாம் அதே கேம், வேறு பெயர். படம் வராவிட்டால் கேட்ரிட்ஜைக் கழற்றி, வாயருகே வைத்து, ஒரு ஊது ஊதிச் செருகுவோம். ஊதியதால் வேலை செய்ததில்லை. கழற்றி மாட்டியதில் முனைகள் ஒழுங்காகப் பொருந்தியதால்தான். எச்சில் ஈரம் உண்மையில் முனையை அரித்தது. இருந்தும் நாற்பது வயது தாண்டிய எவரிடமாவது சொல்லிப் பாருங்கள், ஊதும் கலையை விட்டுக்கொடுக்கவே மாட்டார்.

பெரியப்பாவுக்கு முன்னாலும் ஒருவர் இருந்தார். அவருடைய அப்பா. கடையில் வாங்கிய ரப்பர் பந்தைப் பெரியப்பா கொண்டுவந்த அன்று, "காசு கொடுத்துப் பந்தா? எங்க காலத்துல ஓலையில முடைஞ்சுக்குவோம்டா" என்று திண்ணையில் தொடங்கியவர் விளக்கு வைக்கும் வரை முடிக்கவில்லையாம். அந்தத் தாத்தாவின் தாத்தா, ஓலையா, நாங்கள் வெறும் மண்கட்டியை எறிந்தே விளையாடினோம் என்று சொல்லியிருக்கலாம்.

இத்தனை பேச்சிலும் பெரியப்பா முக்கியமாகச் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அவர் வண்டியைச் செய்தபோது பக்கத்தில் பெரியவர் எவரும் நின்று பார்க்கவில்லை. காலையில் கிளம்பியவரை மத்தியானம் யாரும் தேடவில்லை. கத்தியை எடுத்தபோது, பல்பை உடைத்தபோது, கம்பத்தில் நூல் கட்டியபோது கேட்பதற்கு ஆள் இல்லை. கோடை விடுமுறை முழுக்க வெயிலில் அவரைத் தன்பாட்டுக்கு விட்டுவிட்டார்கள். விளையாட்டுச் சாமான் அங்கிருந்துதான் வந்தது. பேரனுக்கு நுங்கு வண்டிப் பெருமை பேசும் இதே பெரியப்பாதான், அவன் லிப்ட் பக்கம் போனால் "டேய் கண்ணா, கேட்டுக்கு வெளிய காலை வச்சே, பிச்சுப்புடுவேன்" என்று அலறுகிறார். பேரனுக்கு அவர் ஆப்பிள் நறுக்கும் கத்தியைக்கூடக் கொடுத்ததில்லை.

பேசாமல் செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். கான்பூர் ஐஐடியில் படித்த அரவிந்த் குப்தா 1970-களில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் கிராமப் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, அதில் தீக்குச்சிகளைச் செருகி முக்கோணமும் சதுரமும் வீடும் கட்டக் கற்றுக்கொடுத்தார். 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இதை வாசித்துக் காட்டியதும் பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "தீக்குச்சிக்கே பத்மஸ்ரீயா? நம்ம நுங்கு வண்டி டெல்லி வரைக்கும் போகலையே" என்றார்.

கடைசியில் போன கோடையில் பேரனே மடக்கிவிட்டான். "தாத்தா, சும்மா சொல்லிக்கிட்டே இருக்கீங்க. செஞ்சு காட்டுங்க." நுங்கு வந்தது. கொம்புக்கு மாப் குச்சி பலியானது. அச்சுத் துளை போட ஸ்க்ரூடிரைவர். இரண்டு சக்கரமும் இரண்டு திசை பார்க்க, வண்டி கார் நிறுத்துமிடத்தில் இறங்கியது. முதல் ஓட்டம் பெரியப்பா. இரண்டாவதும் பெரியப்பா. "தாத்தா, எனக்கு" என்று பேரன் பின்னாலேயே ஓட, "இரு, உனக்கு பேலன்ஸ் தெரியாது" என்றபடி மூன்றாவதும் அவரே. பெரியம்மா பால்கனியிலிருந்து சத்தம் போட்ட பிறகுதான் கொம்பு கைமாறியது. பையன் அசத்திவிட்டான். எஞ்சினும் ஹாரனும் ஒரே நேரத்தில் கொடுத்தான். ஒன்றை வாயால், மற்றொன்றைச் செல்போனில்.

அவனுக்கு வயது எட்டு. மறுவாரம் அவன் அத்தை மகன், ஐந்து வயது, டேப்ளட்டில் கார் ரேஸ் விளையாடிக்கொண்டிருந்தான். எட்டு வயது பெரிய மனிதர் எட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பெருமூச்சு விட்டார்.

"இதெல்லாம் ஒரு கேமாடா? நான் சின்னப் பையனா இருந்தப்போ பழைய வெர்ஷன்னு ஒண்ணு இருந்துச்சு. அதுல பிரேக் நாமளே போடணும். உங்களுக்கெல்லாம் அது எங்க தெரியப் போகுது!"

பெரியப்பா டிவியை அணைத்தார். நாற்காலியைப் பேரன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்படிச் சொல்றா கண்ணா" என்றார். இன்னும் ஐம்பது வருஷத்துக்கு எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவி காலியாகப் போவதில்லை.