உலகக் குடிமகன் – கட்டணம் தனி

துபாயில் உலகக் குடிமக்களைத் தயாரிக்கிறார்கள். ஆங்கில வழியில், ஏசி போட்ட கட்டடத்தில், தவணை முறையில். 2025இல் ஸ்போர்ட்ஸ் சிட்டியில் திறந்த ஜெம்ஸ் குழுமத்தின் புதுப் பள்ளியில் வருஷக் கட்டணம் 1,16,000 திர்ஹத்தில் தொடங்கி 2,06,000 வரை போகிறது. பள்ளிக்குப் போட்ட முதலீடு 10 கோடி டாலர் என்று அவர்களே பெருமையாகச் சொன்னார்கள். மாதம் 1,000 திர்ஹம் கூலிக்கு அந்த ஊரில் கம்பி கட்டுகிறவர், தின்னாமல் உடுக்காமல் 17 வருஷத்துக்கு மேல் சேர்த்தால் தன் பிள்ளையை அங்கே மேல்வகுப்பில் ஒரே ஒரு வருஷம் படிக்க வைக்கலாம்.

அந்தக் கவலையும் அவருக்கு வேண்டாம் என்று சட்டமே பார்த்துக்கொண்டது. குடும்பத்தைக் கூட்டி வர 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும். கம்பெனி வீடு கொடுத்தால் 3,000. கம்பி கட்டுகிறவரின் பிள்ளைக்குப் பள்ளி வாசலுக்கு மட்டுமல்ல, அந்த ஊருக்கே வர வழியில்லை. ஆகவே, 'உங்கள் குழந்தைக்கு இடமில்லை' என்று ஒரு வரி எழுதும் சங்கடம் எந்தப் பள்ளிக்கும் நேர்வதில்லை. என்ன ஒரு நாகரிகம்!

இந்தப் பள்ளிகளில் வருஷத்துக்கு ஒரு நாள் 'இன்டர்நேஷனல் டே'. மைதானம் முழுக்க நாட்டுக்கொரு மேசை. இந்திய மேசையில் சமோசா, பட்டுப்புடவை அம்மாக்கள், ஸ்பீக்கரில் பாலிவுட். பிரிட்டன் மேசையில் ஸ்கோனும் ஜாமும். வெயில் ஏறுவதற்குள் கொடி அணிவகுப்பு. நேபாளக் கொடியைப் பிடிக்க ஒரு மாணவனும் இல்லை. ஐந்தாம் வகுப்பு ஆஸ்திரேலியப் பையன் ஒருவன் தன் கொடியோடு அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போகிறான். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி நேபாளி. அவரைக் கூப்பிடலாமே என்று யாருக்கும் தோன்றாது. பந்தலுக்கு வெளியே பைகளைச் சுமந்து நிற்கும் ஃபிலிப்பினோ ஆயாக்களுக்கும் மேசை கிடையாது. சர்வதேசத்தில் அவர்கள் சேர்த்தியில்லை. நுவரெலியாவில் சொந்தப் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த ஒருத்தி, இங்கே யார் பிள்ளைக்கோ ஷூ லேஸ் கட்டிவிடுகிறாள். அந்தப் பிள்ளை உள்ளே போய்ப் பரிவு என்றால் என்ன என்று பவர்பாயின்ட்டில் படிக்கிறது.

வாத்தியார்களுக்கும் பாஸ்போர்ட்டே பட்டம். கோயம்புத்தூரில் எம்.எட். முடித்து இருபது வருஷம் வகுப்பெடுத்த அம்மா இங்கே 'டீச்சிங் அசிஸ்டென்ட்'. பென்சில் சீவிக் கொடுக்கிறார், மூக்குத் துடைத்துவிடுகிறார். போன மாதம் மான்செஸ்டரிலிருந்து வந்திறங்கிய இருபத்து மூன்று வயதுப் பையன் வகுப்பாசிரியர். பெற்றோருக்கு அவர் வாயால் கேட்டால்தான் இங்கிலீஷ் இங்கிலீஷாக இருக்கிறதாம். இதில் நம்மவர்கள்தான் முன்வரிசை. சிபிஎஸ்இ பள்ளியில் தம்பி மகன் படிக்கிறான் என்பதைத் துக்கச் செய்திபோல் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். அரபியோ ஒன்பதாம் வகுப்பு வரை கட்டாயப் பாடம். ஒன்பது வருஷம் படித்த பிள்ளை அரபியில் ஒரு டீ வாங்கிவிட்டால் ஊரே கை தட்டலாம். டீக்கடைக்காரர் மலையாளி என்பதால் அந்தச் சோதனையும் வருவதில்லை.

'நாமெல்லாம் ஒரே கம்யூனிட்டி' என்பது இந்தப் பள்ளிகளின் நித்திய மந்திரம். அப்பாவுக்கு வேலை போகட்டும், அப்புறம் பாருங்கள் கம்யூனிட்டியை. ஸ்கூல் ஃபீஸ் அலவன்ஸ் நிற்கிறது, விசா கழுத்தைப் பிடிக்கிறது. பாக்கி கட்டாமல் டிசி கிடையாது என்று கணக்குப் பிரிவிலிருந்து மிக மரியாதையான மின்னஞ்சல். அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் நாற்பது கும்பிடு பொம்மைகள். மறுநாளே அந்தக் காலி இடத்துக்கு வெயிட்டிங் லிஸ்டில் யார் என்ற விசாரணை. அங்கேயே பிறந்து, அங்கேயே பதின்மூன்று வகுப்பும் படித்த பிள்ளைக்கு உலகத்தின் குடியுரிமை உண்டு, துபாயின் குடியுரிமை கிடையாது. 2025–26க்குக் கட்டணத்தை 2.35 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ள மட்டும் பள்ளிகளுக்கு அரசு அனுமதி கிடைத்தது.

இந்தப் பள்ளிகளில் சிலவற்றில் நடக்கும், 1968இல் ஜெனீவாவில் பிறந்த ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) பாடத்திட்டம் மாணவருக்குப் பத்து நற்குணங்களை வகுத்து வைத்திருக்கிறது. அதில் ஒன்று, பிறர்மீது அக்கறை. அக்கறைக்கு வகுப்பில் இடம் போதாது, சேவையும் செய்து கணக்குக் காட்ட வேண்டும். அதற்காகப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டமாக விமானம் ஏற்றி நேபாளக் கிராமம் ஒன்றுக்கு அழைத்துப் போகிறார்கள். ஒரே நிற டிசர்ட், கையில் பிரஷ், மூன்று நாள் பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயின்ட். நாலாம் நாள் பொக்காராவில் படகுச் சவாரி. சுவரில் பாதி திட்டுத் திட்டாக இருக்கிறது, புகைப்படத்தில் தெரியாது. ஊர்ப் பெரியவர்கள் மாலை போட்டு வழியனுப்புகிறார்கள். அந்தச் சுவருக்கு ஒழுங்காகப் பெயின்ட் அடிக்கத் தெரிந்த அவர்களுடைய மகன்கள் துபாயில் புதுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.