கஜானாவில் ஒட்டிய கரி
அண்ணாச்சி பதில்கள்

கரிசல்காட்டான், ஏழாயிரம்பண்ணை
கே: நாம செய்யுற வெடியாலதான் பூமி சூடாகுதா அண்ணாச்சி?
ப: வெடிப்புகை மூச்சுக்குக் கெடுதல், மறைக்க மாட்டேன். ஆனால் கார்பன் கணக்கில் பட்டாசு வெறும் ஓலைவெடி. ஆட்டம்பாம் தூத்துக்குடியில் இருக்கிறது: 1,050 மெகாவாட் திறனுள்ள அனல்மின் நிலையம். ஒடிசாவில் வெட்டிய கரி பாரதீப்பில் கப்பலேறி அங்கே வந்து இறங்குகிறது.

சேவுப்பிரியன், சாத்தூர்
கே: கெடுதல் என்று தெரிந்தும் அரசு ஏன் கரியை விட மாட்டேன் என்கிறது?
ப: வருமானம் என்றும் தெரியுமே! கோல் இந்தியா, என்.எல்.சி. இரண்டிலும் பெரும்பங்கு மத்திய அரசுடையது, டிவிடெண்ட் வருகிறது. சுரங்கம் உள்ள மாநிலங்களுக்கு ராயல்டி. ரயில்வே ஏற்றும் சரக்கில் பாதிக்குப் பக்கம் நிலக்கரி. பயணிகள் கட்டணத்தில் விழும் துண்டை அடைப்பது சரக்கு லாபம்தான். நீங்கள் சென்னைக்கு எடுக்கும் டிக்கெட்டிலும் கொஞ்சம் கரி ஒட்டியிருக்கிறது. பட்டாசை விடு என்றால் ‘வேற பொழப்பு காட்டு’ என்கிறோம். கஜானாவும் அதையேதான் கேட்கிறது.

தீக்குச்சி, சிவகாசி
கே: கரிக்கு வரியைத் தீட்டினால் குறையாதா?
ப: தீட்டினார்களே. 2010ல் டன்னுக்கு 50 ரூபாய் செஸ், 2016ல் 400. காற்றாலை, சூரிய மின்சாரம் வளர்க்கத் தொடங்கிய வரி, 2017ல் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநிலங்களின் வரி இழப்பை ஈடுகட்டப் போய்விட்டது. 2025 செப்டம்பரில் அந்த 400ஐ எடுத்துவிட்டு, ஜி.எஸ்.டி.யை 5 சதவீதத்திலிருந்து 18 ஆக்கினார்கள். டன் 1,000 ரூபாய்க் கரிக்கு முன்பு இரண்டும் சேர்ந்து 450, இப்போது 180. சதவீதம் ஏறியது, வரி இறங்கியது!

காத்தாடி, கோவில்பட்டி
கே: கயத்தாறு பக்கம் இத்தனை காற்றாலை சுற்றுகிறதே, இன்னும் கரி எதற்கு?
ப: ஆடிக்காற்று தையில் அடிக்காது. கரிக்கு அன்றன்று காசு கொடுத்தால் போதும். காற்றாலை, பேட்டரி, மின்பாதை எல்லாவற்றுக்கும் முதலிலேயே மொத்தமாகப் பணம் இறக்க வேண்டும். நம் மின்வாரியத்தின் தலையிலோ லட்சம் கோடிக்கு மேல் கடன். மின்சாரம் விற்ற காற்றாலைக்காரர்கள் பணத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்த காலமும் உண்டு. காற்று இலவசம், வட்டி இலவசமில்லை.

புல்லட் பாண்டி, வெம்பக்கோட்டை
கே: நான் மின்சார பைக் வாங்கினால் அரசு சந்தோஷப்படும்தானே?
ப: வாயளவில். 2021ல் தமிழக அரசு பெட்ரோல் வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு என்றது பட்ஜெட். ஊரே பெட்ரோல் போடாவிட்டால்? நிதியமைச்சருக்கு முதலில் ஒரு சோடா வாங்கி வையுங்கள்.

மூட்டக்காரர், திருச்சுழி
கே: கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறேன். நானும் குற்றவாளியா?
ப: சீமைக்கருவை விறகை அடுக்கி, மண் பூசி, நாள்கணக்கில் வேகவிடும் புகை உங்கள் நெஞ்சைத்தான் முதலில் பிடிக்கும், ஜாக்கிரதை. மற்றபடி, வெட்டிய கருவை அடுத்த மழைக்குத் துளிர்த்து, போன கார்பனில் பெரும்பகுதியைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். கோடிக்கணக்கான ஆண்டு புதைந்து கிடந்த நிலக்கரி துளிர்க்காது. ஒரே ஒரு குறை: உங்கள் மூட்டம் டெல்லிக்கு டிவிடெண்ட் கட்டுவதில்லை. அதனால் நிறுத்தச் சொன்னால் முதலில் உங்களைத்தான் சொல்வார்கள்.