24-ஆல் வகுப்பவர்

அம்பத்தூர் ஓ.டி.யில் ஆறடி ஆள் ஒருவர் எதிரே வந்தால், கார் மாடல் கட்டும் எங்கள் தெருக்காரர் கண்ணுக்கு அந்த ஆள் மூன்று அங்குலம். சி.டி.எச். ரோட்டில் ஒரு அடிப் பள்ளத்தில் ஆட்டோ இறங்கி நம் இடுப்பைப் பதம் பார்க்கும்போது, "இதையே மாடல்ல காட்டணும்னா அரை இஞ்ச் தோண்டணும் தம்பி" என்பார். அம்பாசிடர் 18 சென்டிமீட்டர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக் கொடுத்த கட்டிலைக்கூட வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். அவர் சம்சாரம் எத்தனை அங்குலம் என்று கேட்கிற தைரியம் தெருவில் யாருக்கும் இல்லை.

ஆவடி டாங்கி பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கமாட்டார். அவர் கட்டும் கார் கிட்டுகள் 24-இல் ஒரு பங்கு; டாங்கி கிட்டுகள் பெரும்பாலும் 35-இல் ஒரு பங்கு. மனக்கணக்கு உதைக்கும்.

பிளாஸ்டிக் கார் கிட் கட்டுகிறவர்களிலேயே கதவோரக் கோடு கீறுகிற ரகம் தனி. மற்றவர்கள் ஒட்டி, பெயின்ட் அடித்து, ஷோகேஸில் வைத்துவிட்டு அடுத்த டப்பாவைப் பிரிப்பார்கள். இவர்கள் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் ஓடுகிற இடுக்கிலேயே குடித்தனம் நடத்துவார்கள். (யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. அம்பத்தூர் எஸ்டேட் டூல் ரூமில் இருந்து ரிட்டையரானவர், மாடிப் போர்ஷன், நீல கேட் என்று யாராவது இருந்தால் அது தற்செயல்.)

அவர் சொல்கிற நியாயம் இது. நிஜக் காரில் கதவு இடுக்கு 4 மில்லிமீட்டர் என்றால், கிட்டில் அது 0.17. இரண்டு தலைமுடி அகலம். பாடியை வார்க்கும் அச்சு மேலும் கீழுமாக மட்டும் பிரிகிற கிட்டில், கதவுக்கு அடியில் படுக்கையாக ஓடும் கோட்டை ஆழமாக வைத்தால் பாடி கழலாமல் அச்சிலேயே மாட்டிக்கொள்ளும். அதனால் பானெட்டில் பளிச்சென்று விழுகிற கோடு, அங்கே பேருக்குத்தான் இருக்கும். அதன்மேல் பிரைமர், கலர், கிளியர் என்று ஏறினால் கோடு மூடிப்போய், காருக்குள் உட்கார்ந்தவர் இறங்க வழியில்லாமல் போய்விடும். ஆகவே பெயின்டுக்கு முன்னாலேயே கீறி ஆழப்படுத்த வேண்டும். நூற்றுக்கு நூறு சரி. அதுதான் தொல்லையே, தப்பாகப் பேசினாலாவது சண்டை போடலாம்.

கீறுவது ஞாயிற்றுக்கிழமை மதியம். மே மாதமானாலும் ஃபேன் நிற்கும். மிக்ஸி ஓடக் கூடாது. கெட்டியான லேபிள் டேப்பைக் கதவோரமாக ஒட்டுவார். ஆக்ஸா பிளேடைக் கிரைண்டரில் தேய்த்துத் தானே செய்த கொக்கி முனையை வைத்துத் தன் பக்கமாக இழுப்பார். அழுத்தமாட்டார். முதல் இழுப்பில் ஒன்றுமே நடக்காது. நாலைந்து இழுப்புக்குப் பிறகு வெள்ளைத் தூள் தெரியும். இன்னும் இழுக்க இழுக்க, முனையில் தையல் நூல் மாதிரி ஒரு சுருள் எழும்பி நிற்கும். அதை ஊதிவிட்டுச் சிரிப்பார் பாருங்கள், அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இருக்கிற கோபமெல்லாம் போய்விடும். காலமெல்லாம் டை செதுக்கிய கை. இம்மி நடுங்காது.

வீல் ஆர்ச் வளைவில் வழுக்கினால் மட்டும் போச்சு. புட்டி வைத்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடி முதலிலிருந்து. போன தீபாவளிக்குக் கீறிய கதவு இன்னும் அப்படித்தான் கிடக்கிறது.

இப்போது மேசைமேல் இருப்பது டமியா கம்பெனியின் லான்சர் எவல்யூஷன் கிட். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-இலிருந்து லான்சர் செய்தது இதோ நம் திருவள்ளூரில். ஆவடி தாண்டினால் கூப்பிடு தூரம். அதன் பங்காளி ஜப்பானில் ஷிசுவோகாவிலிருந்து கடல் தாண்டி, சுங்க வரி கட்டி இவர் வீட்டுக்கு வந்திருக்கிறது. "நம்ம பக்கத்து வண்டி தம்பி, ஏனோதானோன்னு விடமுடியுமா?" என்கிறார். ரோட்டில் லான்சரைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. இவருடையது இன்னும் பிரைமரையே பார்க்கவில்லை.

இதெல்லாம் அவர் வீட்டோடு இருந்தால் எனக்கென்ன? நான் கடன் வாங்கிப் புதுக் கார் எடுத்தேன். பாடி சிவன் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் ஏற்றி நசுக்கி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஸ்வீட் எடுத்துக்கொள்ளச் சொன்னால், ஒரு பிடி ட்ரில் பிட்டோடு வந்தார். ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் கதவு இடுக்கில் செருகிப் பார்த்தார்.

"இடது பக்கம் நாலு. வலது பக்கம் நாலரை."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே ஆறுதலும் சொன்னார்: "மாடல்ல பாத்தா 0.02 தான் வித்தியாசம் தம்பி. மனசுல வச்சுக்காதீங்க."

மனசில்தான் இருக்கிறது. வண்டியின் கலர் மறந்துவிட்டது, அந்த அரை மில்லிமீட்டர் மறக்கவில்லை. சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டியின் கதவைத்தான் பார்க்கிறேன். ஷோரூமில் போய்க் கேட்டேன். "அதெல்லாம் டாலரன்ஸ்ல வந்துடும் சார்" என்றார்கள். இன்னும் ஐந்து வருஷம் தவணை கட்ட வேண்டும்.

அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் புது வண்டி எடுக்கிறவர்களே, பூஜை முடிந்ததும் அடுத்த தெரு வழியாக வீடு போய்ச் சேருங்கள். அவர் எதிரே வந்தே விட்டால், நிறுத்தி நாலு கதவையும் திறந்து வைத்துவிடுங்கள். திறந்த கதவில் இடுக்கு அளக்க முடியாது.