திருட்டுக்கு ஒரு விலைப்பட்டியல்

காட்டு மூலிகையை அள்ளி விற்றுவிட்டு, காட்டு மக்களுக்குரிய பங்கைக் கொடுக்காமல் ஏப்பம் விட என்ன செலவாகும்? முன்பெல்லாம் இதற்குச் சரியான விலை தெரியாது. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தில் மூன்றாண்டு, ஐந்தாண்டு சிறை என்று நாகரிகமில்லாத வரிகள் இருந்தன. முதலாளிகளுக்குத் தூக்கம் கெட்டது.

2023-இல் நாடாளுமன்றம் அந்தக் குறையைப் போக்கியது. சிறை ஒழிந்தது. இனி ஒரு லட்சத்தில் தொடங்கி ஐம்பது லட்சம் வரை அபராதம். விடாமல் மீறினால் மேலும் ஒரு கோடி வரை. நீதிமன்றப் படியேற வேண்டாம், ஓர் அதிகாரியே கணக்குத் தீர்த்துவிடுவார். அபராதமாம்! கோடிகளில் புரள்கிறவனுக்கு இது நுழைவுச் சீட்டு.

உள்நாட்டுக் கம்பெனியானாலும் பங்கு கொடுத்தே ஆகவேண்டும் என்று திவ்யா பார்மசி வழக்கில் 2018-இல் தீர்ப்பளித்தது உத்தராகண்ட் உயர் நீதிமன்றம். பாபா ராம்தேவின் நிறுவனம் அது. ஐந்தே ஆண்டில் சட்டம் திருந்திவிட்டது: ஏட்டிலேறிய மரபறிவுக்குப் பங்கு தர வேண்டாம். ஏட்டில் எழுதியவருக்குப் பச்சிலையை இனங்காட்டியது யார்? எழுதத் தெரியாத ஏதோ ஒரு காட்டுக் கிழவி. எழுதாதது அவள் குற்றம்தானே!

அவள் பேரன் சரணாலயத்தில் அனுமதியில்லாமல் வனப்பொருளை எடுத்து விற்றால்? வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாண்டுச் சிறை அவனுக்காகப் பத்திரமாக இருக்கிறது. அந்த வரியை அழிக்க யாருக்கும் அவசரமில்லை.

எல்லாவற்றையும் சந்தையிடம் விட்டுவிட்டு அரசு ஒதுங்கிக்கொண்டது என்று சிலர் புலம்புகிறார்கள். அபாண்டம்! அரசு ராப்பகலாக உழைக்கிறது. 2024-இல் உயிரித் தொழில்நுட்ப உற்பத்தியை வளர்க்கும் பயோ-இ3 கொள்கை வந்தது. 2030-க்குள் உயிரிப் பொருளாதாரம் 30,000 கோடி டாலராக வேண்டுமாம். வேலியே பயிரை மேய்ந்தது பழைய கதை. இன்று வேலியே பயிரை அறுத்து, கட்டி, லாரியில் ஏற்றி, வழிச்செலவும் கொடுத்தனுப்புகிறது.

இத்தனைக்குப் பிறகும் சட்டத்தில் ஒன்று மிச்சமிருக்கிறது: உள்ளாட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு. உங்கள் ஊர்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள், எந்தக் கம்பெனியிடமிருந்து எவ்வளவு வந்தது? அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள். பதில் சொல்ல ஆளில்லையென்றால், உங்கள் காடு ஏற்கெனவே விலைபோய்விட்டது.