எம்டன் போற பேராண்டிக்கு

இன்னாடா பேராண்டி, ஜெர்மனிக்கு டூர் போறியாமே? உங்கம்மா சொல்லிச்சு. நீ போட்டு வச்சிருக்கிற லிஸ்ட்டையும் போன்ல காட்டிச்சு. லீவு நாலே நாளு. அதுல பெர்லின், ஹாம்பர்க், கொலோன், மூனிச், அப்பால பக்கத்து நாட்டுல பிராகு. எத்தினி மணிக்கு எந்த வண்டின்னு கரீக்டா எழுதிக்கீறே. எங்க எறங்கி ஒண்ணுக்குப் போவேன்னுதான் எழுதல. படிச்ச புள்ள, அதுக்கும் எதுனா ஆப்பு வச்சிருப்பே.

பாஸ்போர்ட்டே எடுக்காத கிழவன், இவன் இன்னாத்த சொல்லித் தரப்போறான்னு நெனைக்காத. ராயபுரத்துல பொறந்து ஆர்பர்ல மூட்டை எண்ணினவன் நானு. நான் எங்கயும் போனதில்ல; ஒலகம்தான் நம்ம வாசலுக்கு வந்துட்டு வந்துட்டுப் போவுது. சின்ன டூர் எப்டி அடிக்கணும்னு நம்ம ஊருக்குக் காட்டிட்டுப் போனவனே ஒரு ஜெர்மன்காரன்தான்.

1914, செப்டம்பர் 22. ராத்திரி ஒம்போதரை மணி. எம்டன் கப்பலு, கேப்டன் பேரு கார்ல் ஃபான் முல்லர். விசா இல்ல, ஓட்டல் புக்கிங் இல்ல. ஐரோப்பாவுல சண்டை நடக்கச்சொல்ல, நம்ம பட்டணத்துல வெளக்கெல்லாம் ஜெகஜோதியா எரிஞ்சுகினு இருந்துச்சு. ஐகோர்ட்டு உச்சியில இருந்த லைட் அவுசு வேற, விருந்தாளியக் கூப்புடற மாதிரி கண்ணடிச்சுச்சு. வந்தான், சர்ச்லைட் அடிச்சான், நூத்திமுப்பது குண்டு வாக்குல சுட்டான். பர்மா ஆயில் கம்பெனி எண்ணெ டேங்கு ரெண்டு பத்திக்கிச்சு. உசுரும் போச்சு, அதுல தமாஷு இல்ல. அரை மணி நேரத்துக்கெல்லாம் வெளக்க அணைச்சிகினு கெளம்பிட்டான்.

பாத்தியா? ஒரே ஊரு, ஒரே காரியம், அரை மணி. பட்டணமே மூட்டை கட்டிகினு ஓடிச்சு. குண்டு உழுந்த ஐகோர்ட்டு மதில்ல இன்னிக்கும் கல்லு பதிச்சு வச்சுக்கீறாங்க. உங்க பாட்டி கோவம் வந்தா இன்னிக்கும் என்னை அந்தக் கப்பல் பேரச் சொல்லித்தான் திட்டுது. நீ அஞ்சு ஊரு ஓடிட்டு வா, உனக்கு எவன் கல்லு வைக்கிறான்னு பாப்போம்.

அம்மாம் பெரிய கில்லாடி எங்க மாட்டினான் தெரியுமா? பினாங்கு வரைக்கும் ஜோராத்தான் போனான். பொய்யா ஒரு பொகைபோக்கிய நட்டு வச்சு, இங்கிலீஷ்காரன் கப்பல் மாதிரி வேஷங்கட்டி உள்ள பூந்து, ரஷ்யாக்காரன் கப்பலைக் கவுத்துட்டான். அதோட ஊரப் பாத்துப் போயிருக்கலாம். போற வழிதானே, கோகோஸ் தீவையும் ஒரு கை பாத்துடலாம்னு நவம்பர் 9-ந் தேதி நின்னான். அங்க இருந்த கம்பியில்லாத் தந்தி ஆபீஸ ஒடைக்கணுமாம். ஒடைக்கிறதுக்கு முன்ன ஆபீஸ்காரங்க தந்தி அடிச்சுட்டாங்க. பக்கத்துலயே போய்க்கினு இருந்த ஆஸ்திரேலியாக்காரன் சிட்னி கப்பலு வந்து பொளந்துடுச்சு. எம்டன் பவளப் பாறையில ஏறி நின்னுச்சு. அதோட கதை கந்தலு.

இதுல ஒரு குசும்பு கீது. கரையில எறங்கி வேலை செஞ்சுகினு இருந்த அம்பது பேரு கப்பலைக் கோட்டை வுட்டாங்க. அவங்க தலைவன் ஃபான் முக்கே. அங்க கெடந்த ஆயிஷான்ற ஓட்டைப் பாய்மரக் கப்பல்ல ஏறி, அப்பால அரபு நாட்டுல ஒட்டகத்துல ஏறி, ரயில்ல ஏறி, 1915 மே மாசம் கான்ஸ்டான்டினோபிள் போய்ச் சேந்தாங்க. அவங்கள்ல முக்காவாசிப் பேரு பொழச்சாங்க. அதனால வண்டி போச்சேன்னு பிளாட்பாரத்துல ஒக்காந்து அழுவாத. லிஸ்ட்டுல இன்னும் ஒண்ணே ஒண்ணுன்னு சேக்கறே பாரு, அதுக்கு அழு.

நான் கேட்டா, நீ அந்தக் கப்பலுக்குப் பேரு குடுத்த எம்டன் ஊருக்கே போ. ரெண்டு நாளு போதும். ஜெர்மனியோட வடமேக்கு மூலையில, எம்ஸ் ஆறு கடல்ல சேர்ற எடத்துல கீது. பிரேமன்ல ரயிலு ஏறினா ஓல்டன்பர்க் வழியா நேராப் போவுது. ஜெர்மன் ரயிலுன்னா கடியாரம்னு எவனாச்சும் பீலா வுட்டா நம்பாத. 2024-ல அவங்க நெடுந்தூர வண்டியில நூத்துக்கு அறுவத்திரண்டு சொச்சம்தான் நேரத்துக்கு வந்துச்சாம். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவுல எட்டு நிமிசம்னு எழுதிக்கீறே. நீ நிமிசத்த எழுது, வண்டி அதோட இஷ்டத்துக்கு வரும்.

பழைய ஊரப் பாக்கப் போறேன்னு உதார் வுடாத. 1944 செப்டம்பர் 6-ந் தேதி வெள்ளக்காரன் விமானத்துல வந்து போட்ட குண்டுல ஊரு மத்தியில அஞ்சுல நாலு பாகம் அன்னிக்கே தரைமட்டம். நம்ம மேல குண்டு போட்ட பேருக்காரன் ஊருக்கே அந்த கெதி. நானூறு வருசத்துக் கதை சொல்ற ராட்ஹவுஸுன்ற நகரசபைக் கட்டடம், திரும்பக் கட்டித் தொறந்தது 1962-ல. தாத்தன விட அது சின்னப் பையன். 1856-லேந்து நிக்குதே நம்ம ராயபுரம் ஸ்டேஷனு, அது உன் கண்ணுக்குப் பழசாத் தெரியல, அது முன்னால நின்னு ஒரு போட்டோ புடிச்சதில்ல. போவட்டும். அந்த ராட்ஹவுஸுக்குள்ள மியூசியம் கீது, பழைய கத்தி கவசமெல்லாம் வச்சுக்கீறாங்க, பாரு. போர்ல இடிஞ்ச பெரிய சர்ச்சோட செவுத்துக்குள்ளயே லைப்ரரி கட்டி 1995-ல தொறந்துக்கீறாங்க. யோஹன்னெஸ் ஆ லாஸ்கோ பேரு வச்ச லைப்ரரி. இடிஞ்சதை இடிஞ்சதாவே வச்சு, உள்ள பொஸ்தகத்த அடுக்கினான் பாரு, அவன் மூளைக்காரன். அப்பால கெஸ்ஸல்ஷ்லோய்ஸ பாரு. வட்டமா ஒரு தண்ணித் தொட்டி, நாலு பக்கமும் கதவு, நாலு கால்வாய் சந்திக்குது. ஒவ்வொண்ணுலயும் தண்ணி ஒவ்வொரு ஒசரம். படகு உள்ள வந்ததும் கதவ மூடி, தண்ணிய ஏத்தி எறக்கி, போவவேண்டிய பக்கம் அனுப்பறாங்க. நம்ம பக்கிங்காம் கால்வாயப் பாத்து மூக்கப் பொத்திகினு போவியே, அங்க போயி மூச்சு வுட்டுட்டு நில்லு.

ஆர்பர் பக்கம் மட்டும் டிக்கெட் வாங்கிப் போவாத. அங்க வோக்ஸ்வாகன் பாக்டரி கீது, கப்பல்ல ஏத்த புதுக் காரா வரிசை கட்டி நிக்கும். அத எண்ணூர்ல காமராஜர் துறைமுகத்துக்குப் போற ரோட்டுல ஓசியிலயே பாக்கலாம். காரு ஏத்திகினு போற லாரிக்குப் பின்னால மாட்டிகினு எத்தினி நாளு திட்டிக்கீறே.

டீய மட்டும் தவற வுடாத. அந்தப் பக்கத்துக்காரங்க ஜெர்மனிக்கே டீ குடிக்கச் சொல்லித் தர்றவங்க. சின்னக் கோப்பையில கல்கண்டு ஒண்ணு போடுவாங்க. சூடா டீ ஊத்தச்சொல்ல அது படபடன்னு வெடிக்கும். அப்பால கரண்டியில பாலேடு எடுத்து ஓரமா வுடுவாங்க. அது மேகமா மேல வரும். கலக்கினேன்னு வையி, காட்டான்னு பாப்பாங்க. மொதல்ல பாலேடு, அப்பால கசப்பு, கடைசியில இனிப்புன்னு அடுக்கடுக்காக் குடிக்கணும். மூணு கோப்பை குடிக்கிறது மொறை. போதும்னா கோப்பைக்குள்ள கரண்டிய வையி, வாயத் தொறந்து சொல்லாத. கரண்டி வைக்கலேன்னா ஊத்திக்கினே இருப்பாங்க, பில்லும் ஏறிக்கினே இருக்கும். டீத்தூளு முக்காவாசி நம்ம அசாம் சரக்குதான். அத உதாரா சொல்லிக்கோ, தப்பில்ல.

அங்கேந்து போர்க்கும்னு ஒரு தீவுக்குப் படகு போவுது. அம்சமா இருக்குமாம். டிக்கெட் கவுண்டர் கிட்டப் போனா கோகோஸ நெனைச்சுக்கோ. ஞாயித்துக்கெழம கடை பூரா மூடிடுவாங்க, சனிக்கெழமையே ரொட்டி வாங்கி வையி.

விசாவுக்குப் பதினஞ்சு நாளுக்கு முன்னாலயாச்சும் மனுப் போடணும். ஆறு மாசத்துக்கு மேல முன்னால போடக்கூடாது. பீஸு தொண்ணூறு யூரோ. முப்பதாயிரம் யூரோவுக்கு மருத்துவ இன்சூரன்ஸும் வேணும். எந்த நாட்டுல அதிக நாளு தங்கறியோ அந்த நாட்டுக்குத்தான் மனு. அந்த அஞ்சு ஊரு லிஸ்ட்ட நீட்டினா, எங்க தூங்குவேன்னு ஆபீசர் கேப்பாரு, நீ பேந்தப் பேந்த முழிப்பே. எம்டன், ரெண்டு ராத்திரின்னு ஒரே வரி எழுது.

எதுக்குப் போறேன்னு கேட்டா மட்டும், 'உங்க ஆளு 1914-ல சொல்லாம கொள்ளாம எங்க ஊருக்கு வந்தாரு, பதில் மரியாதை செய்யப் போறேன்'னு எங்கிட்டக் கத்துக்கிட்டத ஒளறி வைக்காத. டூரிஸ்ட்டுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, பணிவா நில்லு. தொண்ணூறு யூரோவுக்குத் தாத்தன் சுருக்குப் பையப் பாக்காத, அது உங்க பாட்டி கிட்ட கீது.